வாடுமுன் அறிதல்: உயிருள்ள பயிரிலும் உடலிலும் நஞ்சை உணரும் நுண்கருவிகள்



நீரிழிவு நோயுள்ள பெரியவர் ஒருவரேனும் நம் குடும்பங்கள் பலவற்றில் இருப்பார். அண்மை ஆண்டுகளில் அவர்களுள் சிலர் மேற்கையில் நாணயம் அளவுள்ள வட்டு ஒன்றை ஒட்டியிருப்பதைக் காண்கிறோம். அந்த வட்டின் அடியில் மயிரிழை போன்ற மெல்லிழை ஒன்று தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில் தங்கியிருக்கிறது. அவர் உண்டாலும் உறங்கினாலும் அது சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்க்கரையின் அளவை அறிந்து கைப்பேசிக்கு அனுப்புகிறது. குருதி எடுப்பதற்காக ஒவ்வொரு முறையும் விரலைக் குத்த வேண்டிய தேவை பெரிதும் குறைந்துவிட்டது. இத்தகைய கருவியை உணரி என்கிறோம். உடலுக்குள் மிகச் சிறிதளவே நுழைந்து பணியாற்றுவதால், குறை ஊடுருவல் உணரி என்று இதனை வகைப்படுத்தலாம்.

உடலில் ஓடும் சர்க்கரையை இவ்வாறு அறிய முடியுமாயின், கீரையின் தண்டில் ஏறும் பூச்சிக்கொல்லியையும், மீனின் தசையில் சேரும் நஞ்சையும், அதனைத் தெளிக்கும் தொழிலாளியின் உடலில் புகுந்ததையும் அவ்வாறே அறிய முடியுமா? இக்கேள்வியையே இன்று நாம் ஆராயவிருக்கிறோம்.

காலம் கடந்து வரும் விடை

காய்கறிகளில் எஞ்சியிருக்கும் பூச்சிக்கொல்லியை இன்று எவ்வாறு அளக்கிறார்கள் என்பதை முதலில் காண்போம். சந்தையிலோ எல்லைச் சாவடியிலோ ஒரு கட்டுக் கீரையை மாதிரியாக எடுப்பார்கள். அதனை நறுக்கி, அரைத்து, கரைமத்தில் குலுக்கி, அதில் கரைந்த பொருள்களைப் பிரித்தெடுப்பார்கள். பின்னர் நிறப்பகுப்புக் கருவியும் நிறைமாலைக் கருவியும் அவற்றை இனங்காணும். ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்களைத் தேடக்கூடிய நுட்பமான முறை இது. உணவு வணிகத்திற்கும் நீதிமன்றச் சான்றுக்கும் இதற்கு நிகரான முறை இன்றளவும் இல்லை.

ஆயினும், இம்முறையில் அளக்கப்பட்ட பயிர் அளக்கப்பட்டதனாலேயே அழிந்துவிடுகிறது. நேற்று ஐந்து அலகு இருந்த நஞ்சு இன்று மூன்றாகக் குறைந்ததா என்று அதே செடியிடம் மறுபடியும் கேட்க இயலாது. வேறொரு செடியைப் பறித்துத்தான் கேட்க வேண்டும். மேலும், ஆய்வகத்தின் விடை வரும் முன்பே அந்தக் கீரையோடு வளர்ந்த மற்றக் கட்டுகள் சமைத்து உண்ணப்பட்டிருக்கலாம். தன் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் இறக்குமதி செய்யும் சிங்கப்பூர் போன்ற நாட்டிற்கு இக்கால இடைவெளி சிறிய செய்தியன்று.

விவசாயிக்கும் இதனால் இடர்ப்பாடு உண்டு. மருந்தடித்த பிறகு இத்தனை நாள் கழித்தே அறுவடை செய்ய வேண்டும் என்று புட்டியின் மேல் அச்சிட்டிருப்பார்கள். அது பல வயல்களில் அளந்து பெற்ற பொதுக்கணக்கு. மழை பெய்தால் ஒரு விதமாகவும், வெயில் காய்ந்தால் வேறு விதமாகவும் நஞ்சு குறையும். தன் பாத்தியிலுள்ள கீரை இன்று உண்ணத்தக்கதா என்று அறிய விவசாயியிடம் வழி எதுவும் இல்லை. அவர் நாளை மட்டுமே எண்ண முடியும். நஞ்சை எண்ண முடியாது.

மருந்து என்னும் சொல்

சற்றுமுன் நாமும் நம்மை அறியாமல் ‘மருந்தடித்த பிறகு’ என்று கூறினோம். தோட்டப்புறத்துத் தமிழில் பூச்சிக்கொல்லி ‘பூச்சி மருந்து’ ஆயிற்று. களைக்கொல்லி ‘புல் மருந்து’ ஆயிற்று. மலாய் மொழியிலோ அவை ‘ராச்சுன்’, அதாவது நஞ்சு. மலேசியாவில் 1974ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் மலாய்ப் பெயரிலும் ‘ராச்சுன்’ என்ற சொல்லே நிற்கிறது. சட்டம் நஞ்சு என்று அழைத்ததை நாம் மருந்து என்று அழைத்தோம். நோயைத் தீர்ப்பதற்கு வழங்கும் பெயரையே கொல்லும் பொருளுக்கும் சூட்டினால், அதைக் கையாளும்போது கொள்ள வேண்டிய அச்சம் குறைந்துபோவது இயல்பு. திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம் அளவறிந்து உண்பதையே வலியுறுத்துகிறது. அளவை அறிய வழியில்லாத நிலையில் அப்பெயரை வழங்கியது நம் மொழிக்கு நேர்ந்த ஒரு வழுக்கல்.

அதன் விலையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். மலேசியத் தோட்டங்களில் முதுகில் தெளிப்பான் சுமந்து களைக்கொல்லி தெளித்தோரில் தமிழ்ப் பெண்கள் பெருந்தொகையினர். அவர்களிடையே காணப்பட்ட மூக்கில் குருதி வடிதல், நகம் சிதைதல், தோல் புண் முதலிய கேடுகளைத் தெனாகனித்தா அமைப்பு 2002ஆம் ஆண்டு ஆவணப்படுத்தியது. அதே ஆண்டு பாராகுவாட் என்னும் களைக்கொல்லியைப் படிப்படியாக விலக்க மலேசிய அரசு முடிவெடுத்தது. 2006இல் அம்முடிவு தளர்ந்தது. முழுத்தடை 2020 ஜனவரி முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அப்பெண்களின் உடலுக்குள் எவ்வளவு நஞ்சு சென்றது என்பதை நாள்தோறும் அளந்து சொல்லும் கருவி எவரிடமும் இருக்கவில்லை. உணரிகளைப் பற்றிப் பேசும்போது நாம் நினைவில் கொள்ள வேண்டிய மனிதர்கள் இவர்களே.

மஞ்சளும் சுண்ணாம்பும்

உணரி எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்க நம் வீட்டு எடுத்துக்காட்டு ஒன்று போதும். ஆலத்தி சுற்றுவதற்காக மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பு கலக்கிறோம். உடனே நீர் சிவக்கிறது. மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் பொருள் சுண்ணாம்பின் காரத்தன்மையை அறிந்துகொள்கிறது. அறிந்ததை நிறத்தால் நமக்கு அறிவிக்கிறது. அறிதல், அறிவித்தல் என்னும் இவ்விரு செயல்களும் எல்லா உணரிகளிலும் உண்டு. அறியும் பகுதி ஒரு நொதியாகவோ, எதிர்ப்பொருளாகவோ, டி.என்.ஏ. இழையாகவோ இருக்கலாம். அறிவிக்கும் பகுதி மின்னோட்டமாகவோ ஒளியாகவோ இருக்கலாம்.

1962ஆம் ஆண்டு அமெரிக்க அறிவியலாளர் லேலண்ட் கிளார்க், சேம்ப் லயன்ஸ் என்பவரோடு இணைந்து, உயிர்வளியை அளக்கும் மின்முனையின்மேல் ஒரு நொதியைப் படியவைத்துச் சர்க்கரையை அளக்கலாம் என்று எடுத்துரைத்தார். பெரியவர்களின் கையில் இன்று நாம் காணும் வட்டு அக்கருத்தின் வழித்தோன்றல். அதே 1962இல்தான் ரேச்சல் கார்சன் பூச்சிக்கொல்லிகளின் கேட்டை உலகறியச் செய்த ‘மௌன வசந்தம்’ நூலை வெளியிட்டார். ஒரே ஆண்டில் எச்சரிக்கையும் பிறந்தது; அளவிடும் வழியும் பிறந்தது. இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

தாமதத்திற்குக் காரணம் உண்டு. நலமான ஒருவரின் ஒரு லிட்டர் குருதியில் ஏறத்தாழ ஒரு கிராம் சர்க்கரை இருக்கிறது. பூச்சிக்கொல்லியின் நிலை வேறு. தனி வரம்பு விதிக்கப்படாத பூச்சிக்கொல்லிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்துள்ள பொது வரம்பு ஒரு கிலோகிராம் உணவில் 0.01 மில்லிகிராம். சர்க்கரையோடு ஒப்பிட்டால் இது நூறாயிரத்தில் ஒரு பங்கு. வைக்கோற்போரில் ஊசியைத் தேடுவதைக்காட்டிலும் அரிய பணி இது.

இவ்வரிய பணிக்கு நஞ்சின் இயல்பே துணைசெய்கிறது. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுசெல்லும் பொருள் அசிட்டைல்கோலின். செய்தி சேர்ந்தவுடன் கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி அதனைச் சிதைத்து, அடுத்த செய்திக்கு இடம் விடுகிறது. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் அந்நொதியை முடக்குகின்றன. செய்தி ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருப்பதால் தசை துடிக்கிறது; மூச்சுத் திணறுகிறது. ஆய்வாளர்கள் இதே நொதியை மின்முனையின்மேல் அமர்த்தினார்கள். நொதி நன்றாக இயங்கினால் மின்னோட்டம் மிகுதியாக இருக்கும். நஞ்சு வந்தால் நொதி முடங்கி, மின்னோட்டம் குறையும். அந்தக் குறைவைக் கொண்டு நஞ்சின் அளவைக் கணக்கிடலாம். பூச்சியைக் கொல்லும் செயலே நஞ்சைக் காட்டிக்கொடுக்கும் செயலாகவும் ஆகிறது.

பயிரின் உள்ளே

இனி, உயிருள்ள பயிரிடம் செல்வோம். இத்துறையில் மூன்று வழிகளை எடுத்துக்காட்டலாம்.

முதலாவது, இழை வழி. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜானுஸ் பாவ்லிஷின் 1990இல் அறிமுகப்படுத்திய முறையை அடிப்படையாகக் கொண்டது இது. நஞ்சை ஈர்க்கும் பூச்சுடைய மெல்லிய இழையைத் தண்டிலோ இலையிலோ செருகிச் சிறிது நேரம் வைத்திருந்து உருவுகிறார்கள். இழையில் ஒட்டியதைக் கருவியிலிட்டு அளக்கிறார்கள். செடி தொடர்ந்து வளர்கிறது. சீனாவின் குவாங்சோ நகரிலுள்ள சுன் யாட் சென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாம் உண்ணும் கொடிப்பசலையிலேயே இதனைச் செய்தார்கள். நீரில் வளர்த்த கொடியின் வேர், தண்டு, இலை ஆகியவற்றில் பூச்சிக்கொல்லி எவ்வாறு பரவுகிறது என்பதை ஒரே செடியில் பின்தொடர முடிந்தது. இங்கே இழை நஞ்சைச் சேகரிக்கிறது. அளப்பது ஆய்வகக் கருவி. ஆகவே இதனை முழுமையான உணரி என்று சொல்ல இயலாது. எனினும், பயிரைக் கொல்லாமல் பயிரிடம் கேட்கலாம் என்பதை இம்முறை நிலைநாட்டியது.

இரண்டாவது, ஒளி வழி. தங்க நுண்துகள்களை இலையின்மேல் இட்டு லேசர் ஒளியைப் பாய்ச்சினால், துகளின் அருகிலுள்ள வேதிப்பொருள் தனக்கே உரிய ஒளிக்குறியைச் சிதறுகிறது. இதனை ராமன் சிதறல் என்கிறோம். சர் சி. வி. ராமன் 1928இல் கண்டறிந்த அவ்விளைவைத் தங்கத் துகள் பன்மடங்கு பெருக்கித் தருகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தையாபெண்டசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி கீரை இலைக்குள் இறங்குவதை இவ்வாறு கண்டார்கள். ஆப்பிள் பழத்தில் அவர்கள் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வு நம் சமையலறைக்கும் செய்தி சொல்கிறது. சமையல் சோடா கரைத்த நீர் பழத்தின் மேற்பரப்பிலிருந்த நஞ்சைப் பெரிதும் நீக்கியது. ஆனால் தையாபெண்டசோல் 80 மைக்ரோமீட்டர் ஆழம் வரை தோலுக்குள் இறங்கியிருந்தது. அவ்வாறு இறங்கியதைக் கழுவி நீக்க முடியவில்லை. கழுவினால் போதும் என்னும் நம் நம்பிக்கைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை இவ்வாய்வு காட்டியது.

மூன்றாவது, நுண்குழாய் வழி. இது சிங்கப்பூருக்கு மிக அருகில் நடந்தது என்பதைவிட, சிங்கப்பூரிலேயே நடந்தது என்பது பொருத்தம். எம்.ஐ.டி. பேராசிரியர் மைக்கேல் ஸ்ட்ரானோவின் குழு 2016இல், வெடிபொருள்களில் காணப்படும் நைட்ரோ நறுமணச் சேர்மங்களை உணரும் கீரைச் செடியை உருவாக்கியது. டி.என்.ஏ. போன்ற இழைகளால் போர்த்திய கார்பன் நுண்குழாய்களை இலைத்துளைகள் வழியே இலைக்குள் செலுத்துவதே இம்முறையின் அடிப்படை. நுண்குழாய் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை உமிழும். தேடிய பொருள் வந்தால் அவ்வொளி மாறும். 2020இல் சிங்கப்பூரிலுள்ள ஸ்மார்ட் ஆய்வு நிறுவனம் இவ்வழியில் ஆர்சனிக்கை உணரும் செடிகளை உருவாக்கியது. நெல்லிலும் கீரையிலும் பெரணி ஒன்றிலும் அதனைச் செய்து காட்டினார்கள். மண்ணிலிருந்து வேர் உறிஞ்சிய ஆர்சனிக் இலையை அடைந்ததும் எட்ட வைத்த எளிய ஒளிப்படக் கருவி அதனைக் கண்டுகொண்டது. பெரணியில் நூறு கோடியில் 0.2 பங்கு வரை அறிய முடிந்தது. குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு நூறு கோடியில் 10 பங்கு.

ஆர்சனிக்கிற்கும் பூச்சிக்கொல்லிக்கும் என்ன தொடர்பு என்று மாணவர்கள் கேட்கலாம். பாராகுவாட் வருவதற்கு முன்பு, மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் களைகளைக் கொல்லத் தெளித்தது சோடியம் ஆர்சனைட் என்னும் ஆர்சனிக் உப்பு. நம் முன்னோர் தெளித்த நஞ்சை இன்று ஓர் இலை கண்டு சொல்கிறது.

மீனிலும் மனிதரிலும்

விலங்குகளில் இப்பணி இன்னும் கடினமானது. விலங்கு அசைகிறது, வலியை உணர்கிறது, அதன் உடல் தன்னுள் புகுந்ததை எதிர்க்கிறது. குவாங்சோ ஆய்வாளர்கள் தசையில் செருகிய இழையைக் கொண்டு, உயிருள்ள திலாப்பியா மீனின் உடலில் பூச்சிக்கொல்லி ஏறுவதையும் இறங்குவதையும் பின்தொடர்ந்தார்கள். ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஒரு மீனைக் கொல்ல வேண்டிய பழைய முறையைக் காட்டிலும் இது அறத்திற்கும் அறிவியலுக்கும் உகந்தது.

மனிதரைப் பொறுத்தவரை நுண்ணூசிகள் நம்பிக்கை தருகின்றன. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளமுடைய இவ்வூசிகள் தோலின் மேலடுக்கைக் கடந்து உயிரணுக்களுக்கு இடையிலுள்ள நீரை அடைகின்றன. வலி மிகவும் குறைவு. 2017இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் ஜோசப் வாங் குழுவினர், ஆர்கனோபாஸ்பேட்டைச் சிதைக்கும் நொதி ஒன்றை நுண்ணூசியில் வைத்து, அந்நஞ்சை உணர முடியும் என்று ஆய்வகத்தில் காட்டினார்கள். முன்னர் நாம் கண்ட நொதி நஞ்சால் முடங்குகிறது. ஒருமுறை முடங்கினால் எளிதில் மீளாது. இந்நொதியோ நஞ்சையே சிதைப்பதால் மீண்டும் மீண்டும் பணியாற்ற வல்லது. தொடர்ந்து கண்காணிக்க இதுவே ஏற்றது. ஆயினும் வயலில் வியர்வையோடு உழைக்கும் தொழிலாளியின் கையில் நாள் முழுதும் இருந்து பணியாற்றும் நிலையை இக்கருவி இன்னும் அடையவில்லை.

அதுவரை குருதிச் சோதனையே துணை. கலிபோர்னியாவில் 1974 முதல் ஒரு நடைமுறை உள்ளது. கடுமையான பூச்சிக்கொல்லிகளைக் கையாளும் தொழிலாளியின் கோலினெஸ்டரேஸ் அளவை, அவர் பணி தொடங்குமுன்பே அளந்து பதிவுசெய்ய வேண்டும். பின்னர் அது அவருடைய சொந்த அளவில் 80 விழுக்காட்டிற்கு இறங்கினால் பணிமுறையை ஆராய வேண்டும். சிவப்பணுக்களில் 70 விழுக்காட்டிற்கு இறங்கினால் அவரை அப்பணியிலிருந்து விலக்க வேண்டும். ஒவ்வொருவரின் இயல்பான அளவும் வேறுபடுவதால், ஒருவரை அவரோடு மட்டுமே ஒப்பிட வேண்டும் என்பது இதன் அடிப்படை. நாளைய நுண்ணூசி உணரிக்கும் இவ்விதி பொருந்தும்.

உணரி காணாதவை

ஒரு கருவியின் ஆற்றலைச் சொல்பவர்கள் அதன் குறையையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

முதற்குறை, உணரி தான் தேடுவதை மட்டுமே காணும். கோலினெஸ்டரேஸ் உணரி பாராகுவாட்டைக் காணாது. ஏனெனில் பாராகுவாட் அந்நொதியை முடக்கிக் கொல்வதில்லை. அது இலையில் மின்னணுவைப் பறித்து உயிர்வளியிடம் சேர்த்துத் தீய விளைபொருள்களை உண்டாக்குகிறது. மனித உடலிலோ நுரையீரலில் சேர்ந்து அதனைச் சிதைக்கிறது. மாற்று மருந்து இல்லை. மின்னணுவை ஏற்கும் அவ்வியல்பால் அதனை நொதியின்றியே மின்முனையில் நேரடியாக அறியலாம் என்பது உண்மை. ஆனால் அதற்கெனத் தனி உணரி வேண்டும். நம் தோட்டத்துப் பெண்களின் கையில் தவறான உணரியைக் கட்டியிருந்தால், அது நாள்தோறும் ‘நலம்’ என்றே காட்டியிருக்கும். பொய்யான ஆறுதல் அறியாமையைக் காட்டிலும் கொடியது.

இரண்டாவது, குறைந்த ஊடுருவலும் ஊடுருவலே. இலையில் காயம் பட்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு அலையாக எழுந்து பரவுவதை, முன்னர்க் கூறிய நுண்குழாய்களைக் கொண்டே ஆய்வாளர்கள் 2020இல் கண்டார்கள். ஊசி செருகிய செடி தன் காயத்தைப் பற்றியும் பேசும். அக்குரலையும் நஞ்சின் குரலையும் பிரித்தறிய வேண்டும். நம் நாடுகளின் வெப்பமும் மழையும் நொதியின் ஆயுளைக் குறைக்கும் என்பதையும் கருத வேண்டும்.

மூன்றாவது, அளவீடு யாருக்கு உரியது என்னும் கேள்வி. தொழிலாளியின் உடலிலிருந்து வரும் எண் முதலாளியின் திரையில் மட்டும் தோன்றுமாயின், அது அவரைக் காக்கவும் பயன்படலாம். நலங்குன்றியவர் என்று வேலையிலிருந்து நீக்கவும் பயன்படலாம். எண்ணை முதலில் காணும் உரிமை அந்த உடலுக்கு உரியவருக்கே இருக்க வேண்டும். மேலும், தடைசெய்ய வேண்டிய நஞ்சைத் தடைசெய்யாமல், உணரி இருக்கிறதே என்று தொடர்ந்து தெளிப்பதற்கு அறிவியல் சாக்காகிவிடக் கூடாது. பாராகுவாட்டிலிருந்து தொழிலாளர்களை விடுவித்தது ஓர் உணரியன்று. காலந்தாழ்ந்தேனும் வந்த ஒரு சட்டம்.

நம் கடமை

எண்ணைக் காணும் உரிமை மட்டும் போதாது. அதன் பொருள் புரிய வேண்டும். இங்கேதான் மொழி ஆசிரியர்களின் பணி தொடங்குகிறது. உணரி, நொதி, மின்முனை, நுண்ணூசி, எச்ச வரம்பு என்னும் சொற்கள் தேர்வுத்தாளோடு முடிந்துவிடாமல் வீட்டுப் பேச்சில் புழங்க வேண்டும். பள்ளியில் மஞ்சள் தாளைச் சுண்ணாம்பு நீரில் நனைத்து, அறிதலையும் அறிவித்தலையும் மாணவர்களுக்குக் காட்டலாம். அம்மாணவர் வீட்டிற்குச் சென்று, தோட்டத்தில் வாழ்ந்த தம் பாட்டியிடம், அன்று அவர்கள் எதைத் தெளித்தார்கள், எப்படித் தெளித்தார்கள், உடலுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டுத் தமிழில் எழுதிவரலாம். கருவிகள் அளக்கத் தவறிய ஆண்டுகளுக்கு அவர்களின் நினைவே எஞ்சியுள்ள சான்று. அவர்களும் முதுமை எய்திவிட்டார்கள்.

அப்படிக் கேட்கும்போது ஒரு சிறு திருத்தத்தையும் நாம் பழகிக்கொள்வோம். பாட்டி ‘மருந்து’ என்று சொன்னால் அவர் சொன்னபடியே எழுதுவோம். அது அவர் காலத்துச் சான்று. நம் கூற்றாக எழுதுமிடத்தில் ‘நஞ்சு’ என்று எழுதுவோம். உயிருள்ளபோதே அறிய வேண்டும் என்பதற்காக அறிவியலாளர்கள் இழையையும் ஊசியையும் நுண்குழாயையும் செப்பம் செய்துவருகிறார்கள். சரியான பெயரிட்டு அழைக்கும் பணி நம்முடையது. அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை, இன்றே தொடங்கலாம்.